ஆறு மேசையிலும் மணி

அன்றைக்கு அப்பாவுக்கு ஆஞ்சியோ. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அம்மா துணைக்கு இருந்தாள். நான் கங்கைகொண்டானில், என் அலுவலகத்தில் இருந்தேன். "சின்னக் காரியம். இதுக்குப் போயி லீவு போடுவாளா ஒருத்தி? வேலையப் பாரு" என்று அப்பா விரட்டியிருந்தார். அவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

எங்களுடையது மசாலாப் பொடி பொட்டலம் போடும் ஆலை. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து யார் அழைத்தாலும் அலுவலகத்தின் ஒரே நம்பருக்குத்தான் வரும். வரவேற்பில் இருந்த பெண் எடுத்து உரியவருக்கு மாற்றிவிடுவாள். கல்யாணமாகி அவள் போய்விட்டாள். இனி அந்த இடத்துக்கு ஆள் கிடையாது, எல்லா மேசையிலும் அடிக்கிற மாதிரி குரூப் போட்டுவிடு என்றார் மேனேஜர். பிரின்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதுவும் என் தலையில் விழுந்தது.

அன்று காலையில் ஒரு போனில் டெலிபோன் கடைக்காரர் எண்களைச் சொல்லச் சொல்ல, இன்னொரு போனில் நான் அழுத்திக்கொண்டே வந்தேன். கடைசியாக அவர் கேட்டார்: "ஒண்ணு ஒண்ணா வரிசையா அடிக்கணுமா, எல்லாம் சேந்து அடிக்கணுமா?"

அம்மாவிடம் நான் கொடுத்திருந்தது இந்த நம்பரைத்தான். சேர்ந்து அடித்தால் ஒருவராவது எடுத்துவிடுவார்கள் இல்லையா? "சேந்தே அடிக்கட்டும்" என்றேன். வாசல் காவலாளியைத் தன் செல்லிலிருந்து அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஆறு மேசையிலும் ஒரே நேரத்தில் மணி அலறியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு லோடு சரிபார்க்க குடோனுக்குக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு மேசையாக நின்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மேசைப் போனின் திரையில் அம்மாவின் நம்பர், எடுக்காத அழைப்பாக.

"போன் அடிச்சுதா?"

"அடிச்சுது தாயி" என்றார் தலைமைக் கணக்கர். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். "நீ இப்பம் வந்துருவேன்னு பாத்தோம்."

"அஞ்சு பேரு இருந்தும் ஒருத்தரும் எடுக்கலியா?"

பக்கத்து மேசையில் பில் போடும் அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "நல்ல சேதின்னா சரி. வேற மாதிரின்னா, உங்கிட்ட யாரு வந்து சொல்லுதது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். உடம்புக்கு முடியவில்லையாம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போவார்கள். வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். போனை எடுத்தவர்தான் வாயைத் திறந்தாக வேண்டும் என்பதால் அஞ்சு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையாக அடிக்க வைத்திருந்தால், தன் மேசைக்கு வந்துவிட்டதே என்று ஒருவராவது எடுத்திருப்பார். நான்தான் அதை யாருக்கும் உரியதல்லாத மணியாக ஆக்கியிருந்தேன்.

அம்மாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அவள் செல்லைப் பைக்குள் வைத்தால் மணி கேட்காது என்று தெரியும். தெரிந்தும் மூன்றாம் முறை அடித்தேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேன்.

ஆறு போனும் அலறின.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் போன் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை போகவில்லை. சற்று முன் அவர்கள்மேல் வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சிதான் எடுத்தார். "ஆமா... இங்கனதான் நிக்கா" என்றார். என்னைப் பார்த்து ரிசீவரை நீட்டினார். "இங்கன வா தாயி. ஒங்கப்பாதான் பேசுதாவ."

எப்படி அவர் மேசைக்குப் போனேன் என்று தெரியாது.

"ஏட்டி, முடிஞ்சுட்டு. நல்லாத்தான் இருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "முன்னாடி அம்மா அடிச்சாளாப்பா? நான் குடோன்ல இருந்தேன்" என்றேன்.

"அவ இல்ல. அவ செல்லுல நாந்தான் அடிச்சேன். உள்ள கொண்டுபோறதுக்கு முந்தி, நர்சம்மாட்ட ஒரு நிமிசம் கெஞ்சிக் கேட்டு."

"எதுக்குப்பா?"

"பயமா இருந்துச்சு தாயி" என்றார் அப்பா. "உன் சத்தத்தக் கேட்டுட்டு உள்ள போவோம்னு நெனச்சேன்."