சிங்காரிக்கு முடி வைத்த கண்ணாயிரம்

கண்ணாயிரத்தைப் பற்றி இன்றைக்கும் யாராவது என் கடையில் உட்கார்ந்து கதையளந்தால் எனக்குப் பொறுக்காது. பாதி டீயோடு எழுப்பி அனுப்பியிருக்கிறேன். நான் ஒடுகத்தூர் ஜெயம்மாள். ஜமுனாமரத்தூர் சந்தைக்கு எதிரே இட்லிக் கடை போட்டுப் பிழைக்கிறவள். அந்த மனுஷன் என் கடைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில்தான் குடியிருந்தார். நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அம்மை குத்துகிற வேலைக்கு அவர் மலை ஏறி வந்தார். பெரியம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலம் அது. அவர் தலை தெரிந்தால் போதும், பிள்ளைகள் பலா மரத்தில் ஏறிக்கொள்ளும், தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொஞ்ச நாள் திண்டாடிவிட்டு, காகிதக் கூழில் ஒரு பெண்பிள்ளைத் தலை செய்தார். அவர் பெண்சாதி சம்பூர்ணம் தன் பழைய சேலையைக் கிழித்து அதற்குப் பாவாடை தைத்தாள். சிங்காரி என்று பெயர் வைத்தார்கள்.

சந்தை நாளில் வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் குந்திக்கொண்டு, கையைப் பொம்மைக்குள் விட்டு ஆட்டுவார். சிங்காரி கீச்சுக் குரலில் சண்டை போடுவாள், தும்முவாள், தூங்கி விழுவாள். கடைசியில் கையை நீட்டி அம்மை குத்திக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குது, நீ வர்றியா?" என்பாள். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு கை நீட்டின.

அதுகளுக்கு வாரம் முழுக்க அவள் பேச்சுதான். சிங்காரிக்கு ஏன் கால் இல்லை? பெட்டிக்குள் யாரோடு தூங்குவாள்? மழைக்கு ஏன் வருவதில்லை? ஆற்றைத் தாண்டும்போது காலை மீன் தின்றுவிட்டது என்று ஒரு கட்சி, இல்லை, வளர வளரத்தான் முளைக்கும் என்று இன்னொரு கட்சி. புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்குட்டி அவளுக்காகச் சாமை அடை கொண்டுவந்து திரையோரம் வைத்துவிட்டுப் போகும். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பாக இருக்கும். பிள்ளைகள் கட்டிய கதையில் அழுக்கே கிடையாது.

இந்தச் சமயத்தில் சம்பூர்ணம் முழுகாமல் இருந்தாள். முன்னே இரண்டு கலைந்து போய், இதுதான் தங்கியது. பெண்சாதி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணாயிரமும் சாமியார் மாதிரி முடியும் தாடியுமாகத்தான் திரிந்தார். அந்த நேரம் பார்த்தா எலி பெட்டிக்குள் புகுந்து சிங்காரியின் சணல் கூந்தலைக் குதறிப் போட வேண்டும்? மறுநாள் சந்தை. மனுஷன் ஒன்றும் யோசிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துத் தன் முடியையே வெட்டி, பசை போட்டுப் பொம்மைத் தலையில் ஒட்டிவிட்டார்.

மறுநாள் இவர் தலை குட்டையாக இருக்கிறது, பொம்மைத் தலையில் கருகருவென்று முடி. முதலில் பார்த்தது குப்பம்மாள். கீழேயிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிறவள். அவள் கருவாட்டு நாற்றத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், வாயைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

"இன்னாத்துக்கு இப்போ முடி வெட்டனான்? வயித்துல இருக்குற புள்ளையோட உசுர அந்தப் பொம்மைக்குக் கட்டிட்டான். முன்ன கலைஞ்ச ரெண்டும் அதுக்குள்ளதான் கீது. இல்லன்னா அது எப்படிப் பேசும்?" என்றாள்.

சீ! கலைந்துபோன பிண்டத்தைப் பொம்மைக்குள் வைத்துத் தைத்தாளாம் சம்பூர்ணம். இதை ஒருத்தி சொல்ல, பத்துப் பேர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு கேட்டார்கள். அடுத்த வாரம் கதை இன்னும் ஊதிப்போயிருந்தது. பொம்மையை முகர்ந்தால் பிள்ளைபெற்ற வாடை அடிக்கிறதாம். அது பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வருமாம். கீழே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவன்கூட இட்லியை மென்றுகொண்டே, "நெஜமா இருக்கலாங்க" என்றான். அவன் தட்டைப் பிடுங்கிச் சட்னியைச் சாக்கடையில் கொட்டினேன்.

சம்பூர்ணத்துக்கு மாதம் நெருங்கியது. அந்த வருஷ மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஒரே மருத்துவச்சி கன்னியம்மாள்தான். நான் போய்க் கூப்பிட்டேன்.

"நான் கைவச்ச புள்ள எதுவும் வீணாப் போனதில்லம்மா. அந்தப் பொம்ம இருக்குற வூட்டுல நான் கால் வைக்க மாட்டேன். எரிச்சிட்டுச் சொல்லியனுப்பு, வர்றேன்" என்றாள். கன்னியம்மாள் கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் கண்ணாயிரம் சிரித்தார். "இது காகிதங்க ஜெயம்மா. கிழிச்சிக் காட்டட்டுமா?" என்றார். சம்பூர்ணம் சிரிக்கவில்லை.

"எனக்கு இந்தப் புள்ள வேணும். எரிச்சிடுங்க" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

என் கடை அடுப்பில்தான் போட்டார். முடி பொசுங்கி நாறியது. மனுஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். சந்தை முழுக்க வேடிக்கை பார்த்தது. அது அணைவதற்குள்ளே குப்பம்மாள் பக்கத்தில் நின்றவளிடம், "ஒண்ணுமில்லன்னா இன்னாத்துக்கு எரிக்கிறான்? நான் சொன்னேன் இல்ல?" என்றாள். அதுவரை நம்பாமல் இருந்தவர்களும் அன்றைக்கு நம்பிவிட்டார்கள். அவரிடம் அம்மை குத்திக்கொள்ளவும் யாரும் வரவில்லை.

கன்னியம்மாள் சொன்ன சொல் தவறாமல் வந்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தீட்டுக் கழித்த அன்றைக்குப் பொம்பளைகள் திரண்டு வந்துவிட்டார்கள். வளைகாப்புக்கு எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். யார் கையிலும் சர்க்கரை இல்லை, சட்டைத்துணி இல்லை, வெறும் கண்ணோடு வந்தார்கள். குப்பம்மாள் தூளிக்குள் தலையை விட்டு, கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மூஞ்சியப் பாருங்கடி. அதேதான். எரிச்சா இன்னா, இங்க வந்து பொறந்துட்டா சிங்காரி" என்றாள்.

மற்றவர்கள் நெருங்கிக் குனிந்தார்கள். ஒருத்தி, "ஆமா பாரேன்" என்றாள். மூலையில் கழுநீர் வாளி இருந்தது. எடுத்து, தூளியில் படாமல் அவர்கள் முதுகிலேயே வீசினேன். திட்டிக்கொண்டே ஓடினார்கள். வாசலைத் தாண்டும்போதே, குழந்தை ராத்திரியில் அழுமா, சிரிக்குமா என்று பேச்சு தொடங்கிவிட்டது.

சம்பூர்ணம் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து, முகத்தை முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எரிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றாள். "அது இருந்திருந்தா, அதப் பத்தியே பேசிக்கினு இருந்திருப்பாங்க."