மளிகைக் கடையில் காயில் மெஷின்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடனுக்காகக் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வந்தால், வீட்டில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட முடியாது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கும் பாய், கைவேலை செய்து பிழைப்பவரின் கருவிகள், இவற்றைத் தொடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதைத் தெரிந்துகொள்வதற்கு எங்கள் பெரியம்மா கொடுத்த விலை அதிகம்.

பெரியம்மா மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவள். தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் மோட்டார், ஏதாவது எரிந்துபோனால் அவளிடம்தான் வரும். உளியால் பழைய காயிலை வெட்டி எடுத்து, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி, மோட்டாரின் உள்சுவரில் பள்ளமாக ஓடும் காடிகளுக்குள் இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பாள். கல்யாணத்துக்கு முன்பு பம்பு கம்பெனியில் கற்றுக்கொண்ட வேலை. பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு அதுதான் சோறு போட்டது. எரிந்த மோட்டாரை மூடி கழற்றுவதற்கு முன்பே முகர்ந்து பார்த்து, "இது தண்ணி இல்லாம ஓடினது. வீட்டுல யாரோ ஸ்விட்சைப் போட்டுட்டு சீரியல் பாத்திருக்காங்க" என்பாள். கொண்டுவந்தவர் தலையைச் சொறிவார்.

நானும் அம்மாவும் மாடியில் குடியிருக்கிறோம். கீழே முன்னறைதான் அவளுடைய பட்டறை. அங்கே ஒரு பலகைமேல் காயில் மெஷின் இருக்கும். தையல் மெஷினின் தலையளவு இரும்பு, பக்கத்தில் ஒரு கைப்பிடி, மேலே சுற்று எண்ணும் மீட்டர். கைப்பிடியைச் சுற்றினால் மர அச்சில் கம்பி ஏறும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒவ்வொரு அளவு அச்சு வேண்டும். எல்லாம் அவளே செதுக்கியவை. அளவை எழுதிவைக்க மாட்டாள். 'மாவு மில்', 'மொட்டை மாடி', 'கஞ்சன் வீடு' என்று அச்சின் மேலேயே எழுதியிருப்பாள். கஞ்சன் வீட்டுக்காரர் வரும்போது அந்த அச்சைத் திருப்பி வைக்க வேண்டியது என் பொறுப்பு.

கடன் வந்த கதை சின்னது. ஒரு நூல் மில் தன் மோட்டார்களையெல்லாம் மொத்தமாக அவளிடம் கொடுத்தது. கம்பிக்கடைக்காரரிடம் செப்புக் கம்பியைக் கடனுக்கு வாங்கி, ராப்பகலாகக் கட்டிக்கொடுத்தாள். மோட்டார்கள் மில்லுக்குள் போயின. மில்லுக்குப் பூட்டு விழுந்தது. அவளுடைய செம்பு உள்ளே, அவளுடைய கடன் வெளியே. கம்பிக்கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். சம்மன் வந்தது. பெரியம்மா போகவில்லை. "நிக்கவச்சுக் கேட்டா என்னத்தைச் சொல்றது? இருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்றாள். போகாதவருக்கு எதிராகத் தீர்ப்பு தானாகவே எழுதப்பட்டுவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஜப்தி வரப்போகிறது என்று தெரிந்த அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "பீரோ போனா போகட்டும். மெஷினைத் தூக்கிட்டா நான் எதைக் கட்டி எதை அடைக்கறது?" இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். மீட்டரில் எண் அப்படியே நிற்கும்.

அப்போதுதான் மாமா வந்தார். அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரே தம்பி. இரண்டு தெரு தள்ளி மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

"அக்கா, இவ்வளவுதானே? எனக்கு வித்துட்ட மாதிரி ஒரு பேப்பர் எழுதிடு. மெஷின், அச்சு எல்லாத்தையும் என் குடோன்ல போட்டுடறேன். வர்றவன் வெறும் தரையைப் பாத்துட்டுப் போகட்டும்."

"பொய்யாடா எழுதச் சொல்றே?"

"உன் தம்பிகிட்ட இருந்தா அது உன்கிட்ட இருக்கற மாதிரி இல்லையா? என்னைத் திருடன்னு நினைக்கறியா?"

"அப்படிச் சொல்லலடா."

"சூடு ஆறினதும் நானே தூக்கிட்டு வந்து வச்சுடறேன். நீ கையெழுத்தைப் போடு."

போட்டாள். தேதியைப் பழையதாகப் போடச் சொன்னார், அதையும் போட்டாள். சாட்சிக்கு மாமா கடையில் வேலை செய்பவர் போட்டார். வெயிலுக்குத் தெரு முழுவதும் கதவடைத்துக் கிடந்த ஒரு மத்தியானம், சாக்குக்குள் சுற்றி மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். கைப்பிடி மட்டும் சாக்குக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பெரியம்மா அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டிருந்தது, பை சும்மாதான் தொங்கியது. அதில் போட்டுவைத்தேன். வண்டி போய்விட்டது. கைப்பிடி நினைவுக்கு வந்தபோது, "கிடக்கட்டும், திரும்பி வரத்தானே போகுது" என்றாள்.

அமீனா வந்தார். கோர்ட்டு உத்தரவை நிறைவேற்ற வருகிற அலுவலர். அதட்டுவார் என்று பயந்திருந்தோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். கூட வந்த கம்பிக்கடைக்காரர் தலை குனிந்தே நின்றார்.

"ஃபிரிட்ஜ், பீரோ, டிவி எழுதிக்கறேன்மா. பாத்திரம், படுக்கை நான் தொடறதில்ல. என்ன தொழில் பண்றீங்க?"

"மோட்டாருக்குக் காயில் கட்டுவேன் சார்."

"கருவியெல்லாம் எங்கே?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்ல சார். வித்துட்டேன்."

"வித்துட்டீங்களா?" அவர் பேனாவை மூடினார். "ஏம்மா வித்தீங்க? இருந்திருந்தா அதை ஜப்தியில சேர்க்காம விட்டிருப்பேனே. உங்க கையால செஞ்சு பிழைக்கற சாமானை யாரும் எடுக்க முடியாது. சட்டத்துலயே இருக்கு."

முன்னறையில் பலகைமேல் மெஷின் இருந்த இடம் மட்டும் வார்னிஷ் படாமல் வெள்ளையாகத் தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மாவின் விரல்களையும் பார்த்தார். நகங்களுக்குள் வார்னிஷ் கறுத்துக் கிடந்தது.

"யாருக்கு வித்தீங்க?"

"தம்பிக்கு."

அதையும் எழுதிக்கொண்டார். இன்று அதை யோசித்தால், அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது போல இருக்கிறது. 'ஒளிச்சு வச்சிருக்கேன் சார், கொண்டுவந்துடறேன்' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பொய்ப் பத்திரம் எழுதியவளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெரியம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர்கள் போனதும் பெரியம்மா செருப்புகூடப் போடாமல் மாமா கடைக்கு நடந்தாள்.

"இப்பவே எடுத்துட்டுப் போனா எல்லாம் நாடகம்னு தெரிஞ்சுடும் அக்கா. கொஞ்சம் பொறு."

கொஞ்சம் கொஞ்சமாக அது நீண்டது. ஒரு நாள் குடோன் சாவி காணவில்லை. ஒரு நாள் மெஷினுக்கு மேல் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. இதற்கிடையில் பெரியம்மா விறகுக் கட்டையை அச்சாக்கி, வாயால் எண்ணிக்கொண்டே கையால் சுற்றிப் பார்த்தாள். யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும். கட்டிக்கொடுத்த மோட்டார்கள் சூடேறித் திரும்பி வந்தன. 'மொட்டை மாடி' வேறு ஆளிடம் போய்விட்டது. கஞ்சன் வீட்டுக்காரர் மட்டும் வந்து, கூலியைக் குறைத்துத்தான் கொடுத்தார். அவளால் மறுத்துப் பேச முடியவில்லை. வந்த காசில் அவளுக்கு ஒரு வேளை, எங்களிடம் ஒரு வேளை. அம்மா கூப்பிட்டால், "பசியில்லடி" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

மாமா கடையில் ஜப்தி நடக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னபோது பெரியம்மா வார்னிஷ் டப்பாவைக் கையிலிருந்து தவறவிட்டாள். மாமாவுக்குக் கடன் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மொத்த வியாபாரியிடம் கழுத்து வரை வாங்கியிருந்தார்.

நாங்கள் ஓடிப்போனபோது சாமான்கள் வாசலில் இருந்தன. தராசு ஒரு ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அதே அமீனா, நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் மர அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். "மாவு மில், ஒண்ணு. கஞ்சன் வீடு, ஒண்ணு. என்ன சார் இதெல்லாம்?" கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சார், அது என்னோடது. மெஷினும் என்னோடது" என்றாள் பெரியம்மா.

அமீனா அவளை அடையாளம் கண்டுகொண்டார். "தம்பிக்கு வித்துட்டேன்னு சொன்னீங்களேம்மா."

"நீங்கதானே சார் சொன்னீங்க, தொழில் சாமானைத் தொடக் கூடாதுன்னு."

"தொழில் பண்றவங்க கையில இருந்தா. இவர் மளிகைக் கடைக்காரர். தராசை வேணா இவரோட தொழில் சாமான்னு ஓரமா வச்சுட்டேன். காயில் மெஷினை வச்சு இவர் என்ன, பருப்பு அளக்கறாரா?"

மொத்த வியாபாரியின் ஆள் சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். பெரியம்மா கையெழுத்துப் போட்ட அதே விற்பனைப் பத்திரம். மாமா தனக்குச் சொத்து இருக்கிறது என்று காட்டி, அதை வைத்து இன்னும் சரக்கு வாங்கியிருக்கிறார்.

பெரியம்மா மாமா பக்கம் திரும்பினாள். "ஏன்டா?"

"சீசன் வந்தா திருப்பிடலாம்னு பாத்தேன் அக்கா."

"நம்பிக் குடுத்தேனேடா."

மாமா ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த மூட்டை அது.

வண்டியில் மெஷினை ஏற்றும்போது பெரியம்மா சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அமீனா அவளிடம் குனிந்து மெதுவாகப் பேசினார். "என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா. கோர்ட்டுல மனு போடுங்க. பத்திரம் பொய்னு சொல்லணும். எழுந்திருங்க." நான்தான் அவளைத் தூக்கினேன். கனமே இல்லை.

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்து பெரியம்மாவின் காலைப் பிடித்தார். பொய் என்று சொன்னால் மொத்த வியாபாரி தன்மேல் மோசடிக் கேஸ் போடுவார், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பெரியம்மா காலை இழுத்துக்கொண்டாள். "எனக்குக் கை மட்டும்தான்டா இருக்கு. உனக்காக அதையும் வெட்டிக்கணுமா?"

முதல் முறை கோர்ட்டுக்குப் போகாதவள் இந்த முறை போனாள். வக்கீல் செலவுக்கு அம்மாவின் கம்மல் போயிற்று. நீதிபதி சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"அமீனாகிட்ட வித்துட்டேன்னு சொன்னீங்க. இப்ப விக்கலேன்னு சொல்றீங்க. எது பொய்?"

"அப்ப சொன்னதுங்க."

"ஏன் சொன்னீங்க?"

"எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தேன். எடுக்க மாட்டாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல."

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது. கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதிய பத்திரத்தை, எழுதியவரே வந்து தனக்குச் சாதகமாக உடைக்க முடியாது என்று மனு தள்ளுபடியானது. அவளைச் சிறையில் போடவில்லை. அத்தனை நாள் பயந்தது அதற்குத்தான். மாமா மேல் இன்னும் கேஸ் வரவில்லை. அவரும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

ஏலத்தில் மெஷினையும் அச்சுகளையும் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்தார். ஃபிரிட்ஜும் பீரோவும் டிவியும் விற்ற காசு கம்பிக்கடைக்காரரின் கடனில் பாதிகூட அடைக்கவில்லை. பெரியம்மா முன்னறையில் வெறும் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதையாவது குடித்து உயிரை விட்டுவிடுவாளோ என்று அம்மா பயந்தாள். பட்டறையில் இருந்த வார்னிஷ், தின்னர் எல்லாவற்றையும் நாங்கள் மாடிக்கு எடுத்து வந்துவிட்டோம். நான் கீழேயே படுத்துக்கொண்டேன்.

அப்படி இருந்த ஒரு காலையில் இரும்புக் கடைக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அந்த மெஷினுக்குக் கைப்பிடி இல்லம்மா. ஒருத்தர் ஓடற நிலையில இருந்தா வாங்கிக்கறேன்றாரு. உங்ககிட்ட இருந்தா குடுங்க, தனியா காசு தந்துடறேன்."

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆணியில் தொங்கிய பையிலிருந்து கைப்பிடியை எடுத்து வந்தேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அச்செல்லாம் இருக்கா?"

"பாதி இருக்கு. மீதி அடுப்புக்குப் போயிடுச்சு. மரக்கட்டைன்னு நினைச்சுட்டாங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "கைப்பிடிய விக்க மாட்டேன். மெஷினையும் நீங்க விக்காதீங்க. உங்க கடைக்கு எரிஞ்ச மோட்டார் வருதுல்ல? இரும்பு விலைக்கு உடைக்கறதுக்குப் பதிலா காயில் கட்டி வித்தா நாலு மடங்கு. நான் வந்து கட்டறேன். கூலி குடுங்க."

"கூலி அதிகமா குடுக்க முடியாதும்மா."

"தெரியும்."

இப்போது அவள் தினமும் அங்கே போகிறாள். துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் உடைந்த கட்டில்களுக்கும் நடுவில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே மெஷின். உச்சி வெயிலில் தகரம் கொதிக்கிறது. போனதும் பையிலிருந்து கைப்பிடியை எடுத்து மாட்டுகிறாள். அவளுடைய மெஷினில் அடுத்தவருக்காகச் சுற்றுகிறாள். எரிந்துபோன அச்சுகளை இன்னும் புதிதாகச் செதுக்கவில்லை, கையே வரவில்லை என்கிறாள். வாரக் கூலியில் ஒரு பங்கு கம்பிக்கடைக்காரருக்குப் போகிறது. அது என்றைக்கு முடியும் என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் கடைக்காரர் அவளிடம், "எதுக்கும்மா சுமந்துட்டுப் போறீங்க, மெஷின்லயே இருக்கட்டுமே" என்றாராம். பெரியம்மா இப்போதும் கைப்பிடியை மாலையில் கழற்றி, துணியால் துடைத்து, என் பழைய பள்ளிப்பையில் போட்டுக்கொண்டு நடந்து வருகிறாள்.