மச்சான் பிடிச்சுக் குடுத்த தங்க வண்டு

இன்னைக்கு என் மச்சானைப் பழி வாங்கிட்டேன். மனசு குளுகுளுன்னு கீது.

அவன் உத்திரமேரூர்ல பூச்சிமருந்துக் கடையில வேலை செய்றான். போன ஞாயித்துக்கிழமை காதுகுத்துப் பந்தியில, என் சக்கரவள்ளி இலையை ஓட்டை போடுற ஆமை வண்டைப் பத்திப் பேச்சு வந்துச்சு.

“தங்கக் கலர் ஒண்ணு, பழுப்பு ஒண்ணு. ரெண்டும் வேற வேற வண்டு மாமா”ன்னான்.

“ஒரே வண்டுதான்டா. செத்தா மினுமினுப்பு போயிடும்”னேன்.

“அஞ்சாவது படிச்ச உனக்கு இன்னா தெரியும்?”

பந்தியே சிரிச்சுது.

மறுநாள் என் வயலுக்கே வந்து, தங்கமா மின்னுன வண்டு ஒண்ணைப் பிடிச்சு தீப்பெட்டியில போட்டான். மேல “தங்க வண்டு”ன்னு எழுதி, “பாத்துக் கத்துக்கோ மாமா”ன்னு குடுத்தான்.

இன்னைக்குக் கடையில ஆறு பேர் நிக்கறப்ப, செத்துப்போன அந்த வண்டை மட்டும் உள்ளங்கையில வச்சு நீட்டினேன்.

“மச்சான், இது எது?”

“பழுப்பு வண்டு. இன்னுமா தெரியல?”

அப்புறம்தான் தீப்பெட்டியை எடுத்து வச்சேன். அவன் எழுத்தை அவனே படிச்சான். ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

“கறுப்புப் புள்ளி போட்ட ஆமை வண்டு ஒண்ணு கீது, அதுதான் வேற வண்டு. செத்தாலும் புள்ளி போவாது, எழுதிக்கோ”ன்னு சொல்லிட்டு வந்தேன்.

தம்பியை அசிங்கப்படுத்திட்டேன்னு வூட்ல அடுப்பே பத்த வைக்காம உக்காந்துகினு கீறா என் பொண்டாட்டி. யார் வூட்ல இன்னைக்கு மீன் குழம்பு? சொல்லுங்க, வரேன்.