குளியலறையில் படிந்த உப்பு

சின்னமனூரில் நாங்கள் வீடு கட்டியபோது ஆற்றுத் தண்ணீர் இணைப்பு கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது. குளியலறைச் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்துகொண்டே இருக்கும்.

ராயப்பன்பட்டியிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், அந்தக் கறையைப் போக்கியே தீருவேன் என்று என் கணவர் கடையில் ஆசிட் வாங்கி வந்தார். நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தார். நான் சமையலறையில் இருந்தேன். கறை பாதிதான் போகிறது, பிளீச்சிங் பவுடரையும் போட்டுப் பார்க்கிறேன் என்று உள்ளிருந்தே சொன்னார். நானும் சரி என்றேன்.

கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. விடாத இருமல். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை, உள்ளே அவர் கதவோடு சாய்ந்து விழுந்து கிடந்தார். இடுக்கு வழியாக வந்த நெடி என் கண்ணையும் தொண்டையையும் எரித்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"ஆத்தா, நீயும் உள்ள போயி விழுந்துறாத. மூஞ்சிய ஈரத்துணியால பொத்திக்க. அவுக கைய மட்டும் பிடிச்சு இழு."

இருவரும் சேர்ந்து கதவை முட்டித் தள்ளினோம். ஒரு கை வெளியே தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்து அவரை முற்றத்தில் கிடத்தினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. இந்த மனுஷன் போய்விட்டார் என்றே நினைத்தேன். பிறகுதான் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் விஷவாயு வரும் என்று டாக்டர் சொன்னார். கண் விழித்ததும் அவர் என்னிடம் கேட்டது, "அவுக வந்துட்டாகளா?" என்றுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெண் பார்க்கும் நாளைத் தள்ளி வைத்தோம். அவர் தேறி வந்தார், குரல் மட்டும் வெகுநாள் கம்மிக் கிடந்தது. இப்போதும் தெருவில் யாராவது பிளீச்சிங் பவுடர் தூவினால் என் கால்கள் தாமாகவே அவரைத் தேடி ஓடுகின்றன.