ஒன்பது பேரின் கைப்பிடி அரிசி

தவக்காலம் வந்துவிட்டால் கு மல்சூன் யாரையும் திட்டமாட்டாள். ஆண்டு முழுக்க அவள் வாயில் விழுந்து எழுந்த, தென்கொரியாவின் தொங்யோங் துறைமுகத்துப் பெண்கள், சாம்பல் புதனன்று அவள் தலையில் சாம்பலோடு சமையற்கூடத்துக்குள் நுழைவதைக் கண்டதும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு சிரிப்பார்கள். நாற்பது நாள் நிம்மதி!

"அக்கா, குழம்புல உப்பு கூடிப்போச்சே" என்று ஓக்புன் வேண்டுமென்றே சீண்டுவாள். கொட்டகையில் சிப்பி உடைப்பவர்களில் மூத்தவள் அவள்.

"உன் நாக்கைப் புடுங்கி..." என்று தொடங்கிய மல்சூன் சட்டென்று சிலுவை போட்டுக்கொள்வாள். "போம்மா, தண்ணி ஊத்திக் குடி. ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்காரு."

அப்படிப்பட்டவள்தான் இந்த ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பூசையில், பங்கு மக்கள் அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்தாள். அவளைக் குற்றம் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மல்சூனுக்கு அறுபத்தொரு வயது. ஞானஸ்நானப் பெயர் வெரோனிக்கா. கட்டியவன் கடலோடு போய் இருபது ஆண்டுகள் ஆயின. மா கடல் பண்ணை என்ற சிப்பிப் பண்ணையில் மூன்று வேளையும் அடுப்பு அவளுடையது. கொட்டகையில் பதினான்கு பெண்களுக்கு மதியச் சோறு. தைமூர் நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, மிதவைகளில் நின்று சிப்பிக் கயிறு இழுக்கும் ஒன்பது பையன்களுக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. அந்த ஒன்பது பேரும் வேதக்காரர்கள். அவளை "சித்தி" என்று கூப்பிடுவார்கள். பெற்ற மகள் பூசான் நகரத்திலிருந்து மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறாள். இவர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சித்தி என்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் அதிகாலை நாலரை மணிக்கு அடுப்பு மூட்டினாள் என்றாலும் பொய்யில்லை.

சிறு வயதில் அவள் பசியைப் பார்த்தவள். கோயில் முற்றத்தில், எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து மூட்டையில் வந்த மக்காச்சோள மாவைக் கன்னியாஸ்திரி கஞ்சியாகக் காய்ச்சி ஊற்ற, தகரக் குவளையோடு வரிசையில் நின்றவள். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் தட்டிலிருந்து எடுத்து அனுப்பியதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அவள் நம்பிக்கை. அதனால் தவக்காலம் அவளுக்கு விளையாட்டு அல்ல. அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன், வீட்டில் தலைக்கு ஒரு கரண்டி அரிசியை எடுத்து ஜாடியில் போட வேண்டும். பாஸ்கா என்னும் ஈஸ்டர் திருநாளுக்கு முன் ஜாடிகள் பீடத்துக்குப் போகும். அரிசி விற்ற பணம் ஏழை நாட்டுக்குப் போகும். முப்பது ஆண்டுகளாக மல்சூன் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

இந்த ஆண்டுக் காணிக்கை தைமூரில் பட்டினி கிடக்கும் பிள்ளைகளுக்கு என்று பங்குச்சாமி அறிவித்தார்.

அன்றே முதலாளி மா கிதே சமையற்கூடத்துக்கு வந்தார். பங்குப் பேரவைத் தலைவர் அவர்தான். கையில் இரண்டு காது வைத்த பெரிய மண்ஜாடி.

"வெரோனிக்கா, இந்த வருஷம் நம்ம பண்ணை முழுக்க ஒரே குடும்பமா தவக்காலம் இருக்கப்போறோம். எளிமையா வாழணும். பையன்களுக்கு மீன், முட்டை, கறி எல்லாத்தையும் குறை. முள்ளங்கிச் சாறும் கிம்சி ஊறுகாயும் போதும். அவங்க தூங்குற கண்டெய்னர்லயும் ராத்திரி ரெண்டு மணி நேரம் சூடு போட்டாப் போதும். மிச்சமாகுறதை எல்லாம் அவங்க நாட்டுக்கே அனுப்பிடலாம். அவங்களும் வேதக்காரங்கதானே?"

மல்சூனுக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளியென்றால் இவரல்லவா முதலாளி என்று நினைத்தாள். அந்தப் பாழாய்ப்போன புத்தியை அவள் பிறகு எத்தனை முறை சபித்தாள்!

ஜாடி அடுப்படியில் உட்கார்ந்தது. ஒன்பது பேரின் அரிசியை அளந்து, மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே தலைக்கு ஒரு கரண்டி எடுத்துப் போட்டாள். இரண்டாம் வாரம் கரண்டி கைப்பிடி ஆனது. பண்ணையின் ஜாடி பங்கிலேயே பெரிய ஜாடி. அது குறையாகப் போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? அவள் வீட்டில் அவளும் ஒருசந்தி இருந்தாள். பசித்தபோது அவளுக்கு அது இனித்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இனிக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

நான்காம் வாரம், கடற்காற்று கத்தியாய் வீசிய ஒரு முற்பகல். நத்தலினோ என்ற இருபத்தாறு வயதுப் பையன் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண் இருண்டு, மிதவைக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்தான். கூட இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் பிணம்தான்.

மல்சூன் கஞ்சியோடு கண்டெய்னருக்கு ஓடினாள். இத்தனை நாளில் அவள் அதற்குள் கால் வைத்ததில்லை. தரை பனிக்கட்டி. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. போர்வைக்குள் சுருண்டிருந்த பையனின் தோளைத் தொட்டாள்; எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. சுவரில் கரித்துண்டால் கோடு கோடாகக் கிழித்திருந்தார்கள்.

"இது என்னடா?"

"நாள் எண்றோம் சித்தி." நத்தலினோவின் பற்கள் அடித்துக்கொண்டன. "தவக்காலம் முடியிறதுக்கு. இன்னும் பதினஞ்சு."

"பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"முதலாளி சொன்னாரு, எல்லாம் எங்க நாட்டுப் புள்ளைங்களுக்குப் போகுதுன்னு." அவன் கஞ்சியை ஊதினான். "என் பொண்ணு அங்கதான் இருக்கா சித்தி. நான்தான் மாசாமாசம் அனுப்புறேனே. நான் இழுத்தாத்தானே அவ சாப்பிடுவா?"

மல்சூன் எழுந்து நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். உள்ளே ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

"பையனுங்களுக்கு இன்னையிலேர்ந்து முழுச்சோறு, மீன், முட்டை. சூடு ராத்திரி பூரா எரியணும்."

மா கிதே கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் ரெண்டு வாரம்தானே? கோபப்படாத வெரோனிக்கா. தவக்காலத்துல கோபம் பாவம்."

"அந்தப் பாவத்தை நான் பாத்துக்கறேன். நேத்து உங்க வீட்டுல என்ன சாப்பாடு?"

"என் வீட்டு சாப்பாடு உனக்கெதுக்கு?"

"உங்க வயிறு எங்கேயாவது ஒரு நாள் காஞ்சுதா? அவங்க வயித்தைக் காயப்போட்டு நீங்க புண்ணியம் தேடறீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் முகம் சிவந்தது. பிறகு மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் சாகும்வரை மறக்க முடியாது.

"மீனைக் குறைன்னு நான் சொன்னேன். ஒத்துக்கறேன். அரிசியில கை வைக்கச் சொன்னேனா? யோசிச்சுப் பாரு. அது யாரு கை?"

மல்சூன் தன் கையைப் பார்த்தாள். அவள் கைதான்! ஜெபம் சொல்லிக்கொண்டு அள்ளிய அவளுடைய சொந்தக் கை!

"வெள்ளிக்கிழமை அந்த ஜாடி பீடத்துக்குப் போகும். அனுசரிச்சுப் போறதா இருந்தா இரு. இல்லைன்னா வேற அடுப்பைத் தேடிக்க. அறுபத்தொரு வயசுல எவன் கூப்பிடுறான்னு நானும் பாக்கறேன்."

அன்று மாலையே ஓட்டுநர் வந்து ஜாடியைக் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டார். மல்சூன் தன் கைக்காசில் கானாங்கெளுத்தி வாங்கிப் பையன்களுக்குப் பொரித்தாள். ஆனால் அந்த அரிசி? அது போய்ப் பீடத்தில் உட்கார்ந்துவிட்டால், அவர்களிடமிருந்து பிடுங்கியது என்றென்றைக்கும் புண்ணியமாகிவிடும். மா கிதேயின் புண்ணியம். அவளுடைய புண்ணியம்.

வெள்ளிக்கிழமை. காணிக்கைப் பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு குடும்பமாக ஜாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கடைசியில், "மா கடல் பண்ணைக் குடும்பம்" என்று காகிதம் ஒட்டிய பெரிய ஜாடி. ஒரு காதை மா கிதே பிடித்தார். மறு காதைப் பிடிக்க அவர் மனைவி குனிந்தாள். அதற்குள் மல்சூன் இருக்கையிலிருந்து பாய்ந்து வந்து அந்தக் காதைப் பற்றிக்கொண்டாள்.

"விடுங்க" என்றாள்.

"என்ன பண்ற? பூசை நடக்குது!"

"விடுங்கன்னேன்!"

பாட்டு தடுமாறி நின்றது. பங்குச்சாமி இளைஞர், பீடத்தின் பின்னால் கையில் பாத்திரத்தோடு விழித்தார். "வெரோனிக்காம்மா, எதுவா இருந்தாலும் பூசை முடிஞ்சு பேசிக்கலாம்."

"பூசை முடிஞ்சா இது காணிக்கை ஆயிடும் சாமி. இப்ப இது வெறும் அரிசி. இப்பவே பேசணும்." அவள் குரல் கூரையில் மோதியது. "இது திருட்டு அரிசி. நான்தான் திருடி! நாள் பூரா கயித்தை இழுக்குற புள்ளைங்க சோத்துல கைபோட்டு அள்ளினேன். முப்பது நாளா அள்ளினேன். இவரு அவங்க மீனை அள்ளினாரு, சூட்டை அள்ளினாரு. ஒரு புள்ள மயங்கிக் கடல்ல விழுந்துட்டான். குடுக்கணும்னா நம்ம தட்டுலேர்ந்து குடுப்போம். அடுத்தவன் தட்டுலேர்ந்து எடுத்து அவன் ஊருக்கே தர்மம் பண்றதா? நானும் தர்மக்கஞ்சி குடிச்சு வளர்ந்தவதான் சாமி. அது இப்படி வந்ததுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே துப்பியிருப்பேன்!"

முன் வரிசையில் ஒரு சீமாட்டி, "பைத்தியம் பிடிச்சுடுச்சு" என்று முனகினாள். பங்குச்சாமியின் காதுகள் சிவந்தன. போன ஞாயிறு அவர் மா கிதேயின் வீட்டில் விருந்து சாப்பிட்டவர். கடைசியில் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மா கிதே பிடியை விட்டார். ஜாடியை அவள் தனியாகத்தான் தூக்கினாள். வாசல்வரை ஒருவர்கூட உதவிக்கு எழவில்லை. வாசல் தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம். ஓக்புன்.

"இடுப்பு ஒடிஞ்சு செத்துப்போவ. அந்தப் பக்கத்தைக் குடு."

"வாயை மூடிக்கிட்டுத் தூக்குடி."

"அப்பாடா, திட்டிட்டா! தவக்காலம் முடிஞ்சுது" என்றாள் ஓக்புன். அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது.

மதியம். ஜாடி அரிசியில் பெரிய பானை நிறையச் சோறு. கானாங்கெளுத்தியும் முள்ளங்கியும் போட்டுக் காரமாகக் கொதிக்க வைத்த குழம்பு. ஆளுக்கு இரண்டு முட்டை. ஒன்பது பேரும் கை கழுவி உட்கார்ந்து கரண்டியைத் தூக்கிய நேரத்தில் மா கிதே வாசலில் வந்து நின்றார்.

ஒன்பது கரண்டிகளும் பாதியில் நின்றன. அவர் கையெழுத்து இல்லாமல் வேறு வேலைக்கும் போக முடியாதவர்கள் அவர்கள். ஆவி பறக்கும் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைக் கண்டதும் மல்சூனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார் மா கிதே.

"சரி. இன்னைக்கு நான்தான் இங்க சமையல்காரி. சாப்பிடுறவங்க முன்னால நிக்காதீங்க. சோறு ஆறுது."

அவர் பையன்களைப் பார்த்தார். கொட்டகைப் பெண்கள் பதினான்கு பேரும் சிப்பிக் கத்தியோடு கதவுப் பக்கம் வந்து நிற்பதையும் பார்த்தார். சிப்பிப் பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது; இவர்கள் கத்தியைக் கீழே வைத்தால் சிப்பி உடைக்க ஆளில்லை. அவர் திரும்பி நடந்தார்.

அப்போதும் பையன்கள் கரண்டியை அசைக்கவில்லை. மல்சூன் மேசையின் தலைப்பக்கத்தில் நின்றாள்.

"இந்த அரிசி உங்களோடது. நான் எடுத்தேன். ஒவ்வொரு வேளையும் எடுத்தேன். தெரிஞ்சுக்கங்க."

நத்தலினோ தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "தெரியும் சித்தி."

"என்னது?"

"மொத வாரமே பாத்தோம். நீங்க ஜெபம் சொல்லிக்கிட்டே எடுத்தீங்க. அதான் ஒண்ணும் கேக்கல."

மல்சூனின் முகம் கோணியது. மேசையில் ஓங்கி அடித்தாள், கிண்ணங்கள் குதித்தன.

"கேட்டிருக்கணும்டா! பானையைத் தூக்கி என் தலையில கவுத்திருக்கணும்! ஜெபமாம் ஜெபம்! எவ சொன்னா என்னடா, உங்க சோறுடா அது!"

கத்திக்கொண்டே சோற்றை அள்ளினாள். நத்தலினோவின் கிண்ணம் நிறைந்தது. நிறைந்த பின்னும் அள்ளிக் குவித்தாள். "தின்னுங்கடா" என்றாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. துடைக்கக் கை ஓயவில்லை. "வாயைத் தொறந்து கேட்டுத் தின்னுங்கடா!"

"சித்தி," என்றான் நத்தலினோ, கிண்ணத்தை நீட்டி, "இன்னும் ஒரு முட்டை."