சிவப்பு டேப் ஒட்டிய ஏழு பாட்டுகள்

ஓசூரில் ஒருவர் பெரிய மனிதர் என்பதற்கு அத்தாட்சி ஃபிளெக்ஸ் பேனர். காதுகுத்துக்கு ஒன்று, கட்சியில் சேர்ந்தால் ஒன்று, கட்சி மாறினால் இன்னும் பெரிதாக ஒன்று. பேனரே இல்லாமல் பெரிய மனிதராகிவிடலாம் என்று நம்பியவன் இலியாஸ். முப்பதைத் தாண்டியவன். சிப்காட்டில் வண்டிகளுக்குப் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளன். மற்ற நேரங்களில் ராக் இசைக் கலைஞன். இந்த இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கக் கூடாது என்று எந்த மருத்துவரும் அவனை எச்சரிக்கவில்லை.

தர ஆய்வாளனின் வேலை எளியது. லைனில் வரும் பீஸை எடுத்து அளக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை டேப். தலைமுடியளவு பிசகினாலும் சிவப்பு டேப். சிவப்பு டேப் வாங்கிய பீஸ் தனித் தொட்டிக்குப் போகும். அதற்கப்புறம் அதற்கு மோட்சமில்லை. வருடக்கணக்காக இதையே செய்தவன் வீட்டுக்கு வந்தால் மட்டும் கண் சும்மா இருக்குமா? தாய் ரஹமத் பீவி சுட்ட தோசையைத் திருப்பிப் பார்த்து, "ஒரு பக்கம் தடிப்பா இருக்கும்மா" என்பான்.

"தடிப்பா இருக்கறது தோசை இல்லடா, ஒன் நாக்கு" என்பார் அவர்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியின் கனம் பற்றி அவன் தெரிவித்த கருத்தால், அந்தச் சம்பந்தம் பெண் வீட்டார் கையாலேயே சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டது.

தந்தை லால் பாஷா மெத்தை வியாபாரி. ஓசூரில் தோற்காத வியாபாரம் அது. எந்தக் கம்பெனி ஆள் எடுத்தாலும் அந்த ஆள் எங்காவது படுத்துத்தானே ஆக வேண்டும்? திண்டுக்கல்லிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒற்றைப் பையோடு வந்து இறங்குகிறவர்கள், வாடகை அறை கிடைத்த கையோடு லால் பாஷாவிடம் வருவார்கள். நாட்டின் தொழில் வளர்ச்சியை அரசாங்கம் புள்ளிவிவரத்தில் பார்க்கிறது. லால் பாஷா மெத்தையில் பார்க்கிறார். இரண்டில் மெத்தைக் கணக்குத்தான் நிஜம் என்பது அவர் கட்சி.

கடைக்குப் பக்கத்தில் வீடு, பின்னால் கோடவுன். கோடவுனில் தரையிலிருந்து கூரை வரை மெத்தை. நடுவில் நின்று கை தட்டினால் தட்டியவனுக்கே சரியாகக் கேட்காது. பெங்களூரில் பணக்காரர்கள் கொட்டிக் கொடுத்துக் கட்டும் ஒலிப்பதிவு அறையைத் தன் தந்தை தெரியாத்தனமாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று இலியாஸ் கண்டுபிடித்தான். ‘ஜெனரல் ஷிப்ட்’ என்ற இசைக்குழு அன்றைக்குப் பிறந்தது.

இலியாஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவான். பேஸ் கிதார் பிரியதர்ஷினி. அதே கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில், ஆட்களைச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புவதில் தேர்ந்தவள். டிரம்ஸ் மாதேஸ்வரன். தளியில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவன். வாரமெல்லாம் பூவை நோகாமல் தொட்டுத் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதையாவது அடித்தே தீர வேண்டும் என்ற நிலையில் இருந்தவன்.

மூவரும் சேர்ந்து ஏழு பாட்டு கட்டினார்கள். ஆல்பத்துக்குப் பெயர் ‘ஓவர் டைம்’. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நடக்கும் போர் பற்றி ஒரு பாட்டு, கேன்டீன் சாம்பாரை நோக்கி எழுப்பிய புரட்சிக் குரல் ஒன்று, கேட் பாஸ் தொலைத்தவனின் காதல் சோகம் ஒன்று. உலகில் எந்தக் கம்பெனியும் வெளியிட முன்வராது என்பதால், தாங்களே இணையத்தில் ஏற்றி, தாங்களே வெளியிட்டு, வேண்டியவர்கள் காசு கொடுத்து வாங்கட்டும் என்று முடிவானது.

ஆனால் சுவரே விற்பனைக்கு இருக்கும் ஸ்டுடியோ இது ஒன்றுதான். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஷட்டர் தூக்கப்படும். லால் பாஷா ஒரு வாடிக்கையாளரோடு உள்ளே வருவார்.

"நீங்க பாடுங்கப்பா, நான் ஒண்ணும் சத்தம் போடல" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மேற்குச் சுவரிலிருந்து நாலு மெத்தையை உருவுவார். "மேல உக்காந்து பாரு தம்பி! அமுங்குதா? ஏழு வருஷம் கேரண்டி!" மெத்தை போன இடத்தில் எதிரொலி வந்து உட்காரும். பாதிப் பாட்டு கோடவுனில் பாடியது போலவும் மீதிப் பாட்டு கிணற்றில் பாடியது போலவும் இருக்கும்.

அதைத் தாண்டிவிட்டால் ரஹமத் பீவி இருந்தார். மெத்தையெல்லாம் அவர் குரலுக்கு ஒரு தடையே அல்ல. "டேய் இலியாஸு! சோறு ஆறிப்போவுதுடா! அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா!"

முதன்முதலாக ஏழு பாட்டையும் பதிந்து, கலந்து, முழுசாகக் கேட்டபோது இலியாஸின் முகம் போன போக்கை மாதேஸ்வரன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவான். ஏழும் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆன முதல் பீஸை அழிக்கக் கூடாது, அடையாளம் ஒட்டிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. எனவே ஒரு பென் டிரைவில் போட்டு, சிவப்பு டேப் சுற்றி வைத்தான். மறுபடி பதிந்தார்கள். ரிஜெக்ட். அடுத்த ஞாயிறு. ரிஜெக்ட். ஒருநாள் பின்னணியில் சேவல் கூவியது என்றான். இன்னொரு நாள் எந்தச் சத்தமும் இல்லை. மாதேஸ்வரன் மனசுக்குள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு அடித்தது கேட்கிறது என்றான். இப்படியே வருடங்கள் ஓடின. நெடுஞ்சாலையில் மேம்பாலமே கட்டி முடித்துத் திறந்துவிட்டார்கள். ‘ஓவர் டைம்’ வரவில்லை.

ஒரு ஞாயிறு, மதியச் சோற்றின் நடுவில் பிரியதர்ஷினி தன் தொழில்முறைப் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இலியாஸ், கம்பெனியில யாரையும் நோட்டீஸ் குடுக்காம நான் அனுப்பறதில்ல. ஒனக்கும் குடுக்கறேன். வர்ற வெள்ளிக்கிழம ஆல்பம் வெளிய வரணும். வரலைன்னா நான் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போயிடுவேன்."

"நானும்தான் குரு" என்றான் மாதேஸ்வரன். எலும்பைக் கடித்தபடி சொன்னதால் அதில் உறுதி கூடுதலாகத் தெரிந்தது.

இலியாஸ் தட்டை நகர்த்தி வைத்தான். இவர்கள் போய்விட்டால் மிஞ்சுவது யார்? ஒரு கிதாரும், அமுங்கிக் கிடக்கும் ஆயிரம் மெத்தையும், அவனும். வாழ்நாளெல்லாம் அவன் அளந்து பார்க்காமல் ஏற்றுக்கொண்ட இரண்டே பீஸ்கள் இந்த இருவர்தான்.

அதிர்ஷ்டம் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தது. உறவில் ஒரு நிக்காஹ். தாயும் தந்தையும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். கோடவுனில் புதுச் சரக்கு கூரையை முட்டியது. மூவரும் ஆளுக்கொரு பொய் சொல்லி லீவு எடுத்து, ஏழு பாட்டையும் புதிதாகப் பதிந்தார்கள். ஷட்டர் திறக்கவில்லை. யாரும் சோற்றுக்கு அழைக்கவில்லை. பிழை என்று சொல்ல ஒரு தும்மல்கூட இல்லை. இலியாஸ் அதை இன்னொரு பென் டிரைவில் போட்டு, கண்ணில் நீரோடு பச்சை டேப் சுற்றினான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா தூக்கம் வருது குரு" என்றான் மாதேஸ்வரன்.

மெத்தைக் கோடவுனுக்கு இதைவிடப் பாராட்டு உண்டா என்று இலியாஸ் திருப்திப்பட்டுக்கொண்டான்.

அன்றைக்கே அவன் கையாலேயே இணையத்தில் ஏற்றியிருக்கலாம். ஆனால் சோதித்தவனே சரக்கை அனுப்பக் கூடாது. சோதிப்பவன் வேறு, அனுப்புபவன் வேறு. இந்த விதி மீறப்பட்டால் பிரேக் பிடிக்காது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனவே வெள்ளிக்கிழமை காலை, ஷிப்ட்டுக்குப் போகிற வழியில், பூ மார்க்கெட்டில் ரோஜா இறக்கிக்கொண்டிருந்த மாதேஸ்வரனிடம் இரண்டு பென் டிரைவையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தான். ரிஜெக்ட் எதற்கு? நல்ல பீஸோடு ரிஜெக்ட் சாம்பிளும் கூடவே போக வேண்டும். அதுவும் விதி.

"உன் ஷெட்டுலதான் நெட்டு நல்லா வருது, ஏத்திடு. ரெண்டு இருக்கு. டேப்பு பாத்து ஏத்து."

மாதேஸ்வரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டேப்பு பாக்கத் தெரியாதவனா நானு? விடிஞ்சதுலேர்ந்து அதத்தான குரு பண்ணிட்டிருக்கேன்!"

அது சத்தியம். அவன் ஷெட்டில் ஒவ்வொரு ரோஜாக் கட்டுக்கும் டேப் உண்டு. காம்பு நீளம், மொட்டு குண்டு, விமானம் ஏறி வெளிநாடு போகிற சரக்கு என்றால் சிவப்பு டேப். காம்பு குட்டை, இதழில் வடு, உள்ளூர் மாலைக்குப் போகிற கழிசடை என்றால் பச்சை. தளியில் பூத் தொழிலில் இருக்கிற யாரையும் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சிவப்பு என்றால் உயர்த்தி. மாதேஸ்வரன் ஷெட்டுக்குப் போனான், பையைப் பிரித்தான், அரைக் கணமும் தயங்காமல் சிவப்பு டேப் சுற்றியதை லேப்டாப்பில் செருகினான். கேட்டுப் பார்க்கவில்லை. விமானத்துக்குப் போகிற பூவை யாராவது சூடிப் பார்த்து அனுப்புவார்களா?

அன்று கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். மாலையில் போனைத் திரும்ப வாங்கி, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் பிடித்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, கலைஞனுக்குரிய அடக்கத்தோடு கண்ணை மூடினான் இலியாஸ். முதல் பாட்டு தொடங்கியது. கிதார் மெல்ல எழுந்தது. அதற்கு மேல் தந்தையின் குரல் எழுந்தது.

"மேல உக்காந்து பாரு தம்பி! அமுங்குதா?"

இலியாஸ் போட்ட அலறலில் டிரைவர் பிரேக் போட்டார். பிடித்தது. அவன் பாஸ் செய்த பீஸாகத்தான் இருக்க வேண்டும்.

உடனே மூவரும் போனில் கூடி, கம்பெனி முறைப்படி காரணம் ஆராய்ந்தார்கள். தவறு நடந்தால் அடி வேர் தெரியும் வரை ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

"ஏன்டா சிவப்ப ஏத்தினே?"

"சிவப்புதான் ஒசத்தி."

"ஏன் ஒசத்தி?"

"வெளிநாட்டுக்காரன் அதத்தான் கேக்கறான்."

"ஏன் கேக்கறான்?"

"அத அவன் பொண்டாட்டியப் போய்க் கேளு குரு!"

அடி வேர் வெளிநாட்டில் இருப்பது தெரிந்ததால் ஆய்வு அத்தோடு நின்றது. "எடுத்துடலாம். ரீகால்" என்றான் இலியாஸ். எடுத்தால் இன்று ரிலீஸ் இல்லை; ரிலீஸ் இல்லையென்றால் குழு இல்லை. எடுக்காவிட்டால் ஊர் பேர் தெரியாதவர்கள் காதிலெல்லாம் அவனுடைய ரிஜெக்ட் ஒலித்துக்கொண்டிருக்கும்.

பிரியதர்ஷினி நிதானமாகக் கேட்டாள்: "கஸ்டமர் கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கா?"

"இல்ல."

"கம்ப்ளெய்ண்ட் வராம ரீகால் பண்றது எந்த விதியில இருக்கு?"

இலியாஸ் யோசித்தான். எந்த விதியிலும் இல்லை. புகார் வரும் வரை காத்திருப்பது என்று முடிவானது. பாராட்டுக்காகத் தவம் கிடந்த கலைஞர்களை உலகம் கண்டிருக்கிறது. ஒரு புகாருக்காகப் போனைத் தேய்த்துத் தேய்த்துக் காத்திருந்தவன் இவன் ஒருவனே.

சனிக்கிழமை வந்ததெல்லாம் ஏமாற்றம். அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் ‘சூப்பர் குரு’ என்று எழுதியிருந்தார். பெயர் போடாத யாரோ, ‘மெத்தை கடை எங்க இருக்கு?’ என்று கேட்டிருந்தார். லால் பாஷா கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பி, முதல் பாட்டைக் கேட்டு, தன் இடம் வந்ததும் கையைத் தூக்கி மற்றவர்களை அமைதியாக இருக்கச் சொன்னார். முடிந்ததும் தீர்ப்பு வழங்கினார்: "பாட்டு நல்லாருக்கு. நடுவுல நீ பாடறதுதான் கொஞ்சம் இடைஞ்சல்."

ஞாயிற்றுக்கிழமை, மூவரும் கோடவுனில் உட்கார்ந்திருந்தபோது, புகார் வந்தது. இலியாஸ் எழுந்து நின்று படித்தான்.

‘நான் கோவிந்தப்பன், குருபரப்பள்ளி. ரோட்டு மேல பஞ்சர் கடை வெச்சிருக்கேன். காசு குடுத்து வாங்கினதால கேக்கறேன். நாலாவது பாட்டுல ஒரு அம்மா சோறு ஆறிப்போவுதுன்னு குரல் குடுக்கறாங்க. அது வந்ததும் கடையில எல்லாரும் ஸ்பேனர கீழ வெச்சிட்டு எந்திரிச்சிட்டோம். கிதாரு வாசிச்சவர் பேரு, டிரம் அடிச்சவர் பேரு எல்லாம் போட்டிருக்கீங்க. அந்த அம்மா பேர ஏன் போடல? இது பெரிய தப்புங்க.’

இலியாஸ் மறுபடி படித்தான். வாழ்நாளில் அவன் பார்த்ததிலேயே நியாயமான புகார் அது. அளவில் பிசகு இல்லை, பொருளில் பிசகு இல்லை. லேபிளில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. இதற்கு ரீகால் கிடையாது. லேபிளைத் திருத்தினால் சரக்கு பாஸ்.

"மாதேசு" என்றான் மெதுவாக, "நாலாவது பாட்டப் போடு."

போட்டான். மேற்குச் சுவரில் மெத்தை உருவிய இடத்தில் எதிரொலி வந்து உட்கார்ந்தது. டிரம்ஸ் திடீரென்று மலை மேல் ஏறி நின்று அடித்தது போல ஆயிற்று. சரியாக அந்த இடத்தில் தாயின் குரல், மெத்தைகளைக் கிழித்துக்கொண்டு வந்தது. இலியாஸின் கால் அவனைக் கேட்காமல் தாளம் போட்டது. பிரியதர்ஷினி அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தாள்.

மூவருமாக அடுப்படிக்குப் போனார்கள். ரஹமத் பீவி குஸ்காவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆல்பத்துல ஒன் பேரு போடணுமாம். பாடியவர் ரஹமத் பீவின்னு."

"நான் எங்கடா பாடுனேன்? கத்துனேன்."

"ராக் மியூசிக்னா அதுதாம்மா."

கரண்டி நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அட பாவி, மொதல்லயே சொல்லியிருந்தா தொண்டைய சரி பண்ணிட்டு ஒழுங்கா கத்தியிருப்பேனே! அன்னிக்கு சளி வேற. இந்தா, அடுப்ப அணைக்கறேன், மைக்க எடுத்துட்டு வா. இன்னொரு தடவ எடுத்துக்க."

மாதேஸ்வரனும் பிரியதர்ஷினியும் இலியாஸைப் பார்த்தார்கள். இன்னொரு தடவை என்ற சொல்லுக்கு அவன் மயங்காத நாள் இல்லை. அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எடுத்தது பச்சை டேப். ஒரு துண்டு கிழித்துத் தாயின் கரண்டிக் கையில் ஒட்டினான்.

"வேணாம்மா. மொதல் பீஸே ஓகே."

"அப்ப நோட்டீஸ் வாபஸ்" என்றாள் பிரியதர்ஷினி.

"வாபஸோ கீபஸோ, உக்காருங்க எல்லாரும்" என்று ரஹமத் பீவி தட்டுகளை எடுத்தார். பிறகு, இசைத்துறையில் தன் பெயர் நிலைபெற்றுவிட்ட தைரியத்தில், கடைப்பக்கம் திரும்பி, சளியில்லாத முழுத் தொண்டையில் குரல் கொடுத்தார்.

"ஏங்க! சோறு ஆறிப்போவுதுங்க!"

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கும் சத்தம் கேட்டது.