இட்லிக்குப் பக்கத்தில் குற்றம் என்று எழுதினேன்

ஈஸ்டர் காலையில் அம்மா இட்லியும் கறிக்குழம்பும் வைத்தாள். நாற்பது நாள் தவக்காலம் முடிந்திருந்தது. எல்லாரும் ஆசையாக உட்கார்ந்தார்கள். நான் இட்லியைப் பிட்டேன், குழம்பில் தோய்த்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். என் நோயின் முதல் அடையாளம் அதுதான். அது நோய் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

எண்பதுகளின் பின்பாதி அது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். மரவள்ளியும் கேழ்வரகும் போடுவார். நான் தர்மபுரியில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். வயது பத்தொன்பது. அந்தத் தவக்காலத்தில் தினமும் ஒரு வேளை விடுவதாக நேர்ந்துகொண்டேன். பிறகு அது இரண்டு வேளை ஆனது. ஆண்டவருக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். பாதி பொய். விடுதியில் ஒருத்தி என்னை ‘குண்டு டீச்சர்’ என்று கூப்பிட்டாள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் ஒழிய வேண்டும் என்பதுதான் என் நேர்ச்சையின் மீதிப் பாதி. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பங்குச்சாமியார் பிரசங்கத்தில் என்னை உதாரணம் காட்டிப் பேசினார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பூசை முடிந்து வாசலில் நின்ற பெண்களிடமெல்லாம், தன் மகள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறாள் என்று சொன்னாள். பாவம், அவளைக் குறை சொல்லி என்ன? எங்கள் ஜனத்துக்கு நோன்பு தெரியும். நோன்பே நோயாகும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஈஸ்டர் போயும் என் நோன்பு போகவில்லை. ஆடி மாதத்துக்குள் மாதவிலக்கு நின்றது. முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. எல்லாரும் வியர்வையில் நனையும்போது நான் போர்வை தேடினேன். ஒருநாள் மாதிரி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தேன், பயிற்சி அதோடு நின்றது. தர்மபுரி டாக்டர் காசநோயோ என்று சந்தேகப்பட்டு எல்லாச் சோதனையும் செய்தார். ஒன்றும் இல்லை. டானிக் எழுதினார், குளுக்கோஸ் ஏற்றினார். கடைசியில் அப்பாவிடம், இது வயிற்றில் இருக்கும் கோளாறு இல்லை என்று சொல்லி, பெங்களூருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர். கன்னடம் கலந்த தமிழ்தான் பேசுவார். அங்கே யாரைப் பார்த்தாலும் ‘ஊட்ட ஆய்த்தா?’ என்றுதான் கேட்பார்கள், சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். உலகத்தில் கேட்பதற்கு வேறு கேள்வியே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டரம்மாதான் நோயின் பெயர் சொன்னார்: அனோரெக்ஸியா நெர்வோசா (உடல் பெருத்துவிடும் என்ற பயத்தில் உணவைத் தானே மறுக்கும் நோய்). இப்படியே விட்டால் ஒருநாள் இதயம் நின்றுவிடும் என்று அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னார். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதும் எனக்குள் ஒரு குரல், இவள் நம்மைப் பெருக்க வைக்கப் பார்க்கிறாள் என்றது. நோய் அப்படித்தான் பேசும். நம் குரலிலேயே பேசும், அதனால்தான் நம்பிவிடுகிறோம்.

ஏழு வாரம் வார்டில் இருந்தேன். முதலில் உடம்பைத் தேற்றினார்கள். கொஞ்சம் தெளிந்ததும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் பேச்சுச் சிகிச்சை) ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அப்போது என்ன நினைத்தேன் என்று எழுதவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டவேண்டும்.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். சிறுவயதில் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவோம். மறந்துவிடக் கூடாது என்று பாவங்களைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். வரிசையாக எழுதி, சாமியாரிடம் சொல்லி, அபராதம் வாங்கிக்கொண்டு வருவோம். நோட்டைக் கையில் எடுத்ததும் என் கை பழைய வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. இட்லி இரண்டு, குற்றம். களி ஒரு உருண்டை, குற்றம். குழம்பு இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டது, பெரிய குற்றம். அபராதத்தையும் நானே போட்டுக்கொண்டேன், அடுத்த வேளை கிடையாது என்று. வைத்தியத்துக்குக் கொடுத்த நோட்டிலேயே நோய் வந்து குடியேறிவிட்டது.

அடுத்த முறை போனபோது எடை இறங்கியிருந்தது. டாக்டரம்மா ஒரு பக்கம் விடாமல் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“இதுல தீர்ப்பு மட்டும்தான் இருக்கும்மா. விசாரணையே இல்லையே. இட்லி சாப்பிட்டா என்ன ஆவும்னு பயந்தே, அத எழுது. மறுநாள் நெஜமா என்ன ஆச்சு, அதையும் எழுது.”

குற்றம் என்ற சொல்லை நோட்டில் எழுதவே கூடாது என்றும் சொன்னார்.

அப்படித்தான் முட்டைச் சோதனை வந்தது. ஒரு முட்டை தின்றால் விடிவதற்குள் ஜாக்கெட் கையில் ஏறாது என்று நான் எழுதினேன். சத்தியமாக நம்பித்தான் எழுதினேன், சிரிக்காதீர்கள். அப்பா எதிரே உட்கார்ந்து தானும் ஒரு முட்டையை உரித்தார். நான் விள்ளல் விள்ளலாகப் பிட்டுத் தின்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. காலையில் அதே ஜாக்கெட்டைப் போட்டேன். தொளதொளவென்றுதான் இருந்தது. ‘ஏறியது’ என்று எழுதினேன். இப்படி எத்தனையோ சோதனை. சிலவற்றில் தோற்றேன், அழுது தட்டைத் தள்ளினேன். ஒரே நாளில் மனம் திருந்திவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுபடியும் தவக்காலம் நெருங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பரபரப்பு. வாய்ப்பு வருகிறது என்று அந்தக் குரல் கூத்தாடியது. இந்த வருடம் ஒருசந்தியே (ஒரு வேளை மட்டும் உண்ணும் நோன்பு) கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா போய்க் கேட்டபோது பங்குச்சாமியாரும் நோயாளிக்கு அந்தக் கடமை இல்லை என்றாராம். ஊரே பட்டினி கிடக்க நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று வீம்பு பிடித்தேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மதியம் அம்மா இரண்டு தட்டுப் போட்டாள். இருபது வருடத்துக்கு மேல் அந்த நாளில் மதியம் சாப்பிடாதவள், என் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள்.

“நாந்தான் கண்ணு உன்ன மெச்சி மெச்சிக் கெடுத்தேன். உன் கூட நானும் சாப்புடறேன். பாவம்னா அது எனக்கு வரட்டும்.”

இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டோம். ருசி தெரியவில்லை. ஆனால் தட்டு காலியானது. நாற்பது நாளும் அம்மா அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெரிய வெள்ளி அன்று மதியம் நேரமாகிவிட்டது என்று அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். மூன்று மணி வழிபாடும் சிலுவையை முத்தமிடுவதும் முடிந்து ஜனமெல்லாம் சாலையில் நடந்தது. வீட்டுக்கு இன்னும் இரண்டு மைல். திடீரென்று வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. முதலில் வலி என்று பயந்தேன். நாலு அடி நடந்த பிறகுதான் புரிந்தது. மாதக்கணக்காக மணி பார்த்துச் சாப்பிட்டவளுக்கு அது என்னவென்றே மறந்துபோயிருந்தது.

“அம்மா, பசிக்குது.”

அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனாள். அவள் அதுவரை டீக்கடைப் பலகையில் உட்கார்ந்ததில்லை. இரண்டு பன் கேட்டாள். கோயில் ஜனம் முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டே போனது. ஒரு அம்மாள் நின்று, இன்றைக்கு ஒருசந்தியாயிற்றே என்றார்.

“எம் பொண்ணுக்குப் பசிக்குதுங்க” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கத் தானும் ஒரு கடி கடித்தாள்.

நோய் இருந்த வருடத்தில் எனக்குப் பகல் என்பது ஒரு வேளையைத் தாண்டி இன்னொரு வேளையைத் தாண்டுவது மட்டும்தான். இப்போதும் ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கும்போது அந்தக் குரல் எட்டிப் பார்க்கிறது. பார்த்துவிட்டுப் போகட்டும். நின்றுபோன பயிற்சியை முடித்து, மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பன்னிரண்டரை மணிக்கு என் வயிறு சத்தம் போடும். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அது கேட்கும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, சாக்கட்டியை வைத்துவிட்டு, சாப்பிடப் போகிறேன்.